கம்பி முறுக்கும் தேதி

எக்ஸ்ரே அறைக்குள் அம்மாக்களுக்கு அனுமதியில்லை.
நான் போட்ட விதியல்ல, கதிர்வீச்சு போட்டது.
கதவு மூடியதும்
ஷிலான் கடிகட்டையை வாயிலிருந்து எடுத்துவிட்டுக் கேட்டாள்:
"திரும்பி வராவிட்டால் வலிக்கிற மாதிரி
இந்தக் கம்பியை முறுக்க முடியுமா?"

பதினைந்து வயது. ஜூன்.
நொர்ஷோப்பிங்கில் வெயில் வீட்டுக்குப் போகாத மாதம்.
நான் சிரித்தேன்.
பதினெட்டு வருட வேலையில்
வலிக்காமல் முறுக்கத்தான் எல்லோரும் கேட்டிருக்கிறார்கள்.
அவள் சிரிக்கவில்லை.

"டாக்டர் லிண்ட்வால் ஒரு கடிதம் கொடுக்கட்டும்.
ஜூலை பதினான்கு கட்டாயம் வரவேண்டுமென்று, முத்திரையோடு.
அப்பா முத்திரைக்கு மரியாதை கொடுப்பார்."

எங்கே போகிறாய்?
"சுலைமானியா. பெரியப்பா வீடு."
எத்தனை நாள்?
"அப்பா போனில் பார்த்தேன்.
போகிற டிக்கெட் நான்கு.
வருகிற டிக்கெட் மூன்று."

பெருநாளுக்கென்று உடுப்புக்கு அளவெடுத்தார்களாம்.
பெருநாள் முடிந்து இரண்டு வாரம் கழித்து.

நான்கு வருடத்துக்கு முன் இன்னொருத்தி.
கீழ்வரிசைக்கு மட்டும் கம்பி. செப்டம்பரில் வரவில்லை.
'வெளிநாடு சென்றார்' என்று தட்டி
ஃபைலை மூடியது இந்தக் கைதான்.
அவள் கம்பியை
எந்தச் சமையலறையில், யார், எந்தக் குறட்டால் கழற்றியிருப்பார்கள்
என்று பல் துலக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

கடிதம் வேண்டாம் என்றேன்.
அப்பா அதை மடித்துப் பெட்டியில் வைப்பார்,
உன்னையும் கூட்டிக்கொண்டு போவார்.
என்னால் ஒரு போன் செய்ய முடியும்.
செய்யாமலிருக்க எனக்குச் சட்டத்தில் இடமில்லை.

"அம்மா வெளியே இருக்கிறாள்" என்றாள்.
அது பயமா, இரக்கமா என்று எனக்கு இன்றும் தெரியாது.

விமானம் வியாழன். அன்று செவ்வாய்.
"நாளை பத்தரைக்கு உடற்பயிற்சி வகுப்பு.
அப்போது மட்டும் தம்பி பக்கத்தில் இருக்கமாட்டான்."

படம் சரியாக விழவில்லை என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு வந்தேன்.
மறுபடியும் சொன்னேன்.
மூன்று முறை படம் எடுத்தோம்,
ஒருமுறைகூடப் பொத்தானை அழுத்தாமல்.

கருவிகள் கொதிக்கும் அறையிலிருந்து
சமூகநலத் துறைக்குப் பேசினேன்.
பதினோரு நிமிடம் பியானோ.
பிறகு ஒருவன், இளங்குரல்:
"சந்தேகமா, உறுதியா?"
வருகிற டிக்கெட் மூன்று என்றேன்.
அவன் எதுவும் பேசவில்லை.
விசைப்பலகைச் சத்தம் மட்டும், மழை மாதிரி, வேகமாக.

புதன்கிழமை, விளையாட்டுக் காலணியோடே கூட்டிப்போனார்கள்.
பாஸ்போர்ட் செல்லாமல் போனது.
வியாழக்கிழமை விமானத்தில்
நான்கு இருக்கைகள் யாருமில்லாமல்
இராக்குக்குப் போயிருக்க வேண்டும்.

செப்டம்பரில் வந்தாள்,
கூட வந்த பெண் அம்மா இல்லை.
கம்பி தளர்ந்து
முன்பற்களுக்கு நடுவே ஒரு சந்து விழுந்திருந்தது.
"உங்களால்தான் ரெபீன் என்னோடு பேசுவதில்லை" என்றாள்.
பிறகு வாயைத் திறந்தாள்.
நான் விளக்கை இழுத்தேன்.
நன்றி சொல்லியிருந்தால்
கையை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரிந்திருக்காது.
ரப்பர் வளையம் எந்த நிறம் என்றேன்.
வெகுநேரம் தேர்ந்தெடுத்தாள்.

மறுநாள் ஒரு போன்.
எங்கே இருக்கிறாள் என்று கேட்கவில்லை.
வந்தாளா என்றும் கேட்கவில்லை.
நான் சொல்லக்கூடாதென்று
அவளிடம் யாரோ சொல்லியிருக்க வேண்டும்.
ஒவ்வொரு சொல்லாகப் பொறுக்கி, சுவீடிஷில்:
"இந்த முறை என்ன நிறம் போட்டாள்?
அதை மட்டும்."

நிறத்தைச் சொன்னால்
ஊரைச் சொன்னதாகிவிடும்.

தட்டில் மீதி வளையங்கள் கிடந்தன.
அவள் எடுத்த நிறம் மட்டும் அதில் இல்லை.
நான் பேசவில்லை. அவள் போனை வைக்கவில்லை.
காத்திருப்பு அறையில்
அடுத்த ஆள் இருமினார்,
நேரமாகிறது என்பதுபோல.